இருபத்துமூன்றாவது படம்

உ

மயிலாப்பூர்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள வர்ஷினிக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே அப்பாவின் வலது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். அங்கே கால்கரிப் பனியில் நீயும் மாப்பிள்ளை சாய்சரணும் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சூடாகச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் நீ பாத்திரம் தேய்த்துக்கொண்டே சரிம்மா சரிம்மா என்பாய், நானும் பாதியில் வேறெதற்கோ தாவிவிடுவேன். இது பாதியில் விடக்கூடிய சமாசாரம் இல்லை. லஸ் பக்கம் மெட்ரோவுக்காகத் தோண்டித் தள்ளியிருக்கிறார்கள், தபாலாபீசுக்குப் போக ஊரையே சுற்ற வேண்டியிருக்கிறது, அப்படிச் சுற்றிப் போய் அனுப்புகிறேன் என்றால் பார்த்துக்கொள். உறைக்குள் இரண்டு அட்டைக்கு நடுவில் ஒரு படம் வைத்திருக்கிறேன். கடுதாசியைப் படித்து முடித்த பிறகு அதைப் பார். இதற்குள் பார்த்திருப்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு. போகட்டும், திரும்ப அட்டைக்குள் வைத்துவிட்டுப் படி.

விஷயம் ஷகீலாவைப் பற்றியது. அவளைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை, ஆனால் முதலிலிருந்து சொல்லாவிட்டால் எனக்குக் கோபம் ஒழுங்காக வராது. ஒரே ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருஷம், நான் எக்ஸ்ரே அறையில், அவள் மருந்து கொடுக்கும் ஜன்னலில். எண்பத்தொன்பதில் இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே மாதிரி பழைய காமிரா ஆளுக்கொன்று வாங்கினோம். அவளுக்கு ஃபிலிம் மாட்டக் கற்றுக்கொடுத்ததே நான்தான். நாள் முழுக்க எக்ஸ்ரே கழுவுகிற கைக்கு இது என்ன பிரமாதம் என்று அவள் ரோலையும் நானே கழுவிக் கொடுப்பேன், சனிக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கொண்டு இரண்டு தம்ளர் காப்பி குடித்துவிட்டுப் போவாள். அப்படி இருந்தவள் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு டிஜிட்டல் காமிராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து நின்றாள். "இன்னா அபயம், இதுல கழுவுற வேலையே இல்ல, சுட்டா அங்கயே தெரியுது பாரு" என்றாள். கழுவுகிற வேலை இல்லையென்றால் சனிக்கிழமை என்னிடம் வருகிற வேலையும் இல்லை. அதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றைக்குப் பிடித்த பொறாமை. ஆமாம், பொறாமைதான், அதற்கு வேறு பேர் தேடிக்கொண்டிருக்கிற வயசா எனக்கு. தினம் விடிந்தால் அவள் படம் போனில் வந்து விழுகிறது, அதற்குக் கீழே உன் ஹார்ட்டு. போன பங்குனியில் தேரன்று வடக்கு மாட வீதியில் இரண்டு பேரும் தோளோடு தோள் நின்றோம். அவள் அறுநூறு படம் எடுத்தாள். என் ரோலில் இருந்த முப்பத்தாறு படமும் தேர் மூலை திரும்புவதற்கு முன்னாலேயே தீர்ந்துவிட்டது. அவள் படத்தில் கபாலி தேரில் வருகிறார், என் படத்தில் தேருக்காக ஒரு போலீஸ்காரர் காத்துக்கொண்டு நிற்கிறார். அவள் படத்துக்கு நீ, "ஆன்ட்டி, இப்பவே ஃபிளைட் பிடிச்சு ஓடி வரணும் போல இருக்கு" என்று எழுதி இரண்டு ஹார்ட்டு. நான் பிரிண்ட் போட்டு, காயவைத்து, அட்டை வைத்துத் தபாலில் அனுப்பிய போலீஸ்காரருக்கு மூன்று வாரம் கழித்து, "வந்துச்சும்மா." அவ்வளவுதான். நான் ஒன்றும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை, கண்ணில் பட்டது.

நம் போட்டோ சங்கத்தில் இந்த ஃபிலிம், டிஜிட்டல் சண்டை ஓய்ந்தபாடில்லை. அடையாறு ஹாலில் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறோம் அல்லவா, ஜன்னலோரம் ஃபிலிம்காரர்கள் ஒன்பது பேர், எதிர்ச் சுவர் ஓரம் டிஜிட்டல்காரர்கள் நாற்பது பேர். எதிர்ச் சுவரில்தான் பிளக் பாயிண்ட் இருக்கிறது, எல்லாருக்கும் பாட்டரி ஏற்ற வேண்டுமே. எங்கள் பக்கத்துப் பெரிய குரல் ராஜரத்தினம், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தாறுதான் கையில் இருக்கு என்றால்தான் கண் விழித்துக்கொள்ளும், அறுநூறு இருந்தால் கண் தூங்கிவிடும் என்று ஒவ்வொரு மாதமும் சொல்வார். நானும் விடுவதில்லை. ஃபிலிம் பொய் சொல்லாது, டிஜிட்டலில் இல்லாத நிலாவைக்கூட ஒட்டலாம் என்றேன் ஒருநாள். ஷகீலா எழுந்து நின்று, "நீ பிரிண்ட் போட்டுட்டு அத்த போன்ல இன்னொரு தபா போட்டோ புடிச்சித்தானே பொண்ணுக்கு அனுப்புறே, அப்ப அது இன்னா, டிஜிட்டலு இல்லியா?" என்று கேட்டாள். ஹாலே சிரித்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கத்தினேன். அவர், "நியாயமாத்தானே கேட்டிருக்கா, கொஞ்சம் வாயை மூடிண்டு இரேன்" என்றார். அன்றைக்கு ராத்திரி அவருக்கு ரசம் கிடையாது.

அந்த எரிச்சலில்தான் நான் ஒரு காரியம் செய்தேன். இந்த வருஷப் போட்டியில் ஃபிலிமுக்கு ஒரு பரிசு, டிஜிட்டலுக்கு ஒரு பரிசு என்று முடிவானதும் எழுந்து, ஃபிலிம் பரிசு யாருக்கு வந்தாலும் அடுத்த ஞாயிறே இன்னொரு தடவை கூடி, அவர் நெகட்டிவைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் காட்ட வேண்டும் என்று விதி போடச் சொன்னேன். கம்ப்யூட்டரில் டிஜிட்டல் படத்தின்மேல் புள்ளி புள்ளியாகத் தூவி இது ஃபிலிம் என்று யாராவது கொண்டுவந்துவிட்டால்? யாராவது என்று யாரை நினைத்துச் சொன்னேன் என்று உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கழித்துக்கட்டியபோது நான் ஏலத்தில் எடுத்தேனே ஒரு எக்ஸ்ரே விளக்குப் பெட்டி, அதையே கொண்டுவந்து தருகிறேன், அதில் வைத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னேன். செயலாளர் செம்பியன் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

இப்போது இத்தனைக்கும் காரணமான அந்த ஒரு காலையைச் சொல்கிறேன். தை மாதம், கடலோரத்து ஊரூர்க் குப்பம், ஆறரை மணி இருக்கும். முத்தம்மா என்று ஒரு மீன்காரி, கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள், ஊசியெல்லாம் பல்லுக்கு நடுவில். நான் அவளை மூன்று படம் எடுத்தேன். "இந்த மாமி மீனும் வாங்காது, எட்டவும் போவாது" என்று அவள் ஊசியோடேயே திட்டினாள். அப்போது ஷகீலா வந்து, "அபயம், ஒரு தபா குடு அந்தப் பழைய டப்பாவ, கை நமநமங்குது" என்றாள். கொடுத்தேன். தன் காமிராவை என் கழுத்தில் மாட்டிவிட்டாள். பத்து நிமிஷம் இருக்கும், பிறகு மாற்றிக்கொண்டோம், எதிரே இருந்த கடையில் டீ குடித்தோம், வந்துவிட்டோம். இவ்வளவுதான் நடந்தது.

மூன்று வாரம் கழித்து ரோலைக் கழுவினேன். குளியலறையில் ஈரம் சொட்டச் சொட்டத் தொங்கும்போதே இருபத்திரண்டாவது படம் கண்ணில் குத்தியது. முத்தம்மா பல்லில் ஊசியோடு நேரே முறைக்கிறாள், அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு காக்காய் கூடையிலிருந்து மீனைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறது, மீன் வால் இன்னும் கூடை விளிம்பில் இருக்கிறது. அப்படி ஒன்று என் ஆயுசில் நான் எடுத்ததில்லை. எடுத்ததில்லை என்பதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. முதல் இரண்டு நாள் சத்தியமாக என்னுடையது என்றுதான் நம்பினேன், காக்காய் வந்தது ஞாபகம் இருக்கிற மாதிரிகூட இருந்தது. பெரிதாகப் பிரிண்ட் போட்டு, தபாலுக்குக் காத்திருக்காமல் போனில் பிடித்து உனக்கு அனுப்பினேன். மறுநாள் காலை நான் காப்பிக்குப் பால் வைப்பதற்குள் நீ போன் பண்ணினாய். "அம்மா, இது நீயா எடுத்தே?" என்றாய். அந்தக் காக்காயைப் பற்றி, அவள் முறைப்பைப் பற்றி, உன் ஆபீசில் எல்லாருக்கும் காட்டினதைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினாய். நீ கால்கரி போய் ஆறு வருஷத்தில் என்னோடு ஒரே மூச்சில் நாற்பது நிமிஷம் பேசினது அன்றைக்குத்தான். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, நான் துடைக்கவில்லை. நீ நாற்பது நிமிஷம் பேசினதை ஷகீலாவிடம் சொன்னேன். கீரைக்காரியிடமும் சொன்னேன்.

மூன்றாவது நாள் நெகட்டிவை உறையில் போடுவதற்காக ஆறாறு படமாக நறுக்கினேன். பத்தொன்பது முதல் இருபத்துநான்கு வரை ஒரு துண்டு. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். காக்காய்க்கு அடுத்தது, இருபத்துமூன்றாவது படத்தில், நான் நிற்கிறேன். என் காமிராவில், என் ரோலில், கழுத்தில் ஷகீலாவின் காமிராவோடு நான். நெகட்டிவில் முகம் கறுப்பாகத்தானே இருக்கும், சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். முப்பத்திரண்டு வருஷம் எக்ஸ்ரே பார்த்த கண்ணுக்கு நெகட்டிவில் முகம் தெரியாதா வர்ஷினி? பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று என்னுடையது. இருபத்திரண்டும் இருபத்துமூன்றும் அவளுடையது. தெரிந்தே அந்தப் பிரிண்டைப் போட்டிக்குக் கொடுத்தேன். டிஜிட்டலாக இருந்திருந்தால் எத்தனை மணி, எத்தனை நிமிஷம் என்று அதுவே எழுதிவைத்துக்கொண்டிருக்கும். ஃபிலிமில் யார் விரல் என்று எழுதாது. ஃபிலிம் பொய் சொல்லாது என்று தொண்டை கிழியப் பேசினவள் நான்.

பரிசு எனக்கே வந்தது. ஹால் சுவரில் அதை மாட்டினார்கள், கீழே அபயாம்பாள், மயிலாப்பூர் என்று சீட்டு. ஷகீலா அதற்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கி, "சோக்கா கீது அபயம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த வாரம் முழுக்க எனக்கு இதே யோசனை. அவளுக்குத் தெரியுமா தெரியாதா? தெரிந்திருந்தால் ஏன் கேட்கவில்லை? தெரியாவிட்டால் அப்படியே விட்டுவிடலாமே? அடுத்த ஞாயிறு நெகட்டிவைக் காட்ட வேண்டும், நானே போட்ட விதி. சனிக்கிழமை மத்தியானம் அப்பா தூங்கினதும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருபத்திரண்டுக்கும் இருபத்துமூன்றுக்கும் நடுவில் ஒரு வெட்டு. மீதியில் கீறல் விழுந்துவிட்டது என்றால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? கத்தரியை வைத்தும் விட்டேன். அதற்குள் இருபத்துமூன்றைச் சரியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று லென்ஸை வைத்துப் பார்த்தேன், அதுதான் நான் செய்த தப்பு. பார்த்த பிறகு வெட்ட முடியவில்லை. ஏன் என்று உறைக்குள் இருக்கிற படத்தைப் பார்த்தால் தெரியும். இன்னும் கொஞ்சம் பொறு.

ஞாயிற்றுக்கிழமை என் விளக்குப் பெட்டியில், என் கையாலேயே ஸ்விட்சைப் போட்டு, நெகட்டிவ் துண்டை முழுசாக வைத்தேன். செம்பியன் லென்ஸை வைத்துக் குனிந்தார். "இருபத்திரண்டு அற்புதம் மேடம்" என்றார். லென்ஸை ஒரு விரல் நகர்த்தினார். "பக்கத்துல இருக்கறது யாரு, நீங்களா?" என்றார். நான்தான், அதை எடுத்தது ஷகீலா, அதற்கு முந்தினதையும் அவள்தான் எடுத்தாள் என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் பல்லில் ஊசி வைத்துக்கொண்டு பேசின மாதிரி வந்தது. பிறகு பிளக் பக்கத்திலிருந்து ஒரே கைதட்டல், ஃபிலிம் பரிசு அவர்கள் பக்கம் வந்துவிட்டதே! ராஜரத்தினம் துள்ளிக் குதித்தார். காமிரா யாருடையது, ஃபிலிம் யாருடையது, கழுவினது யார், சும்மா விரலை அமுக்கினவருக்கா பரிசு என்று அரைமணி நேரம் சண்டை போட்டார். எனக்காகத்தான் போட்டார், பாவம். ஷகீலா எழுந்து, "கழுவுனது அது, அது கழுவலன்னா படம் ஏது" என்று மட்டும் சொன்னாள். கேடயத்தை அவளுக்குத்தான் கொடுத்தார்கள். கொடுக்கும்போது எனக்கு வயிறு எரிந்தது, உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்களே, எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

திரும்பி வரும்போது ஒரே ஆட்டோ, மெட்ரோ பள்ளத்தால் சுற்றிக்கொண்டு முதலில் அவளை ராயப்பேட்டையில் இறக்கிவிட்டு நான் வர வேண்டும். கேடயம் அவள் மடியில். உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். சுவரில் பார்த்த அன்றைக்கே தெரியும் என்றாள். பிறகு ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்றேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உன் பொண்ணு நாப்பது நிமிசம் பேசினான்னு சொன்னியே. அன்னிக்கி எனுக்கு வவுறு எரிஞ்சிது பாரு, அப்படி எரிஞ்சிது. என் புள்ளைக்கு டெய்லி அனுப்புறேன், ஷார்ஜாவுல கீறான், ரெண்டு நீல டிக்கு வரும், அவ்ளோதான். வர்ஷினி போடுற ஹார்ட்டுதான் எனுக்கு வர்ற ஒரே ஹார்ட்டு. நான் வாயத் தொறந்தா அந்த நாப்பது நிமிசம் பொய்யாப் பூடுமேன்னு விட்டேன்." பன்னிரண்டு வருஷமாக நான் ஒருத்தி மட்டும்தான் பொறாமைப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். அன்றைக்கு அவள் காமிராவில் நானும் ஒரு படம் எடுத்திருக்கிறேன், என் பழைய டப்பாவில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு அவள் குனிந்து நிற்கிறாள். அவளை யாரும் அப்படி எடுத்ததில்லையாம், அத்தனை பிடிக்குமாம். பிறகு ஏன் எல்லாருக்கும் அனுப்பவில்லை என்றேன். "அது நீ எடுத்தது, நான் எப்புடிப் போடுவேன்?" என்றாள். படத்தில்தான் என்னை ஜெயித்தாள் என்றால் இதிலும் ஜெயிக்க வேண்டுமா? அவள் இறங்கினதும் ஆட்டோக்காரர் பார்க்கப் பார்க்க அழுதேன்.

இப்போது படத்தை எடுத்துப் பார். அதுதான் இருபத்துமூன்று. புடவைக் கரையெல்லாம் ஈரம், மூக்குக்கண்ணாடி நெற்றியில், ஷகீலாவின் காமிராவை இரண்டு கையாலும் பிடித்து அந்தச் சின்னத் திரையைப் பார்த்து வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அவளை எடுத்தேனே, அது அங்கேயே தெரிந்துவிட்டது, அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. காத்திருக்கிறதில்தான் எல்லாம் இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்கிறவள் மூஞ்சியைப் பார். இவ்வளவு நன்றாக என்னை யாரும் எடுத்ததில்லை, எங்கள் கல்யாணத்துக்கு உன் அப்பா வைத்த போட்டோக்காரர் உட்பட. இதையா வெட்டுவேன்? பின்பக்கம் பென்சிலால் எழுதியிருக்கிறேன், எடுத்தது ஷகீலா, ராயப்பேட்டை என்று. ஃபிரேம் போட்டு மாட்டினால் அந்த எழுத்து மறைந்துவிடும், அதனால் யாராவது யார் எடுத்தது என்று கேட்டால் நீ வாயால் சொல்ல வேண்டும். அந்தக் காக்காய்ப் படத்தைக் காட்டினாயே, உன் ஆபீஸ்காரர்களிடமும் சொல்லிவிடு.

வெறும் தலையோடு பனியில் போகாதே. மாப்பிள்ளைக்கு இருமல் என்றாயே, மிளகு பொடித்துப் பாலில் போட்டுக் கொடு, போன தடவை அனுப்பினதில் மிச்சம் இருக்கும். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், முழங்காலைப் பற்றி உன்னிடம் எழுத வேண்டாம் என்றும் சொன்னார், எழுதிவிட்டேன். கபாலியும் கற்பகாம்பாளும் உங்கள் இரண்டு பேரையும் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அந்தக் காக்காய்க்காக நீ என்னோடு பேசின நாற்பது நிமிஷம் ஷகீலாவுக்குப் போக வேண்டியது. இந்தச் சனிக்கிழமை சாயங்காலம், நம் ஊர் நேரத்துக்கு, அவளுக்குப் போன் பண்ணு. ஹார்ட்டு போட்டு ஒப்பேற்றாதே, பேசு. நாற்பது நிமிஷத்துக்கு ஒரு நிமிஷம் குறையக் கூடாது. நாற்பத்தோராவது நிமிஷம் வைத்துவிட்டு எனக்குப் பண்ணு, நான் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
அபயாம்பாள்